மொட்டைமாடியில் மண்ணில்லாப் புல்தரை: எடை முதல் தண்ணீர் வரை

மண்ணில்லாப் புல்தரை என்றதும் பலருக்கு பிளாஸ்டிக் புல் நினைவுக்கு வருகிறது. இது அதுவல்ல. உயிருள்ள புல், வேர் விடும், வளரும், வெட்ட வேண்டியிருக்கும். வேர் பிடித்திருப்பது மட்டும் வயல்மண்ணை அல்ல. தென்னை நார்க்கழிவு, பெர்லைட் (சூட்டில் பொரிந்த எரிமலைக் கண்ணாடித் துகள்), சுட்ட களிமண் உருண்டை, பாறைக்கம்பளி போன்ற எடை குறைந்த ஊடகத்தை. வெயிலில் பிளாஸ்டிக் புல் 60 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடேறும். உயிர்ப்புல்லோ இலை வழியே நீராவியை விட்டுத் தன்னையும் தனக்குக் கீழே உள்ள தளத்தையும் குளிர்வித்துக்கொள்ளும். நகரக் கட்டடங்களில் இதற்கு மெனக்கெடுவதன் முதல் காரணம் அதுதான்.

மண்ணைத் தவிர்ப்பதற்குக் காரணம் எடை. ஆனால் மண் சும்மா கனத்துக்கொண்டு கிடப்பதில்லை. தண்ணீரைச் சேமிக்கிறது, சத்தைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறது, அமிலகார நிலை திடீரென்று மாறாமல் காக்கிறது. மண்ணை எடுத்துவிட்டால் அந்த வேலைகளையெல்லாம் குழாயும் உரத்தொட்டியும் பராமரிப்பவரின் கவனமும் செய்தாக வேண்டும். பாழாய்ப்போன மாடிப் புல்தரைகளில் பெரும்பாலானவை இதை மறந்து தொடங்கியவைதான்.

எடைக் கணக்கை ஈரத்தில் போடுங்கள்

விற்பனைத் தாளில் உள்ள உலர் எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தளம் தாங்கப்போவது, மழை கொட்டி ஓய்ந்தபின் ஊறிப்போய்க் கிடக்கும் ஊடகத்தை. ஊறிய தோட்டமண் கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,800 கிலோ, 10 செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் சதுர மீட்டருக்கு 180 கிலோ.

உங்கள் கலவையின் ஈர எடையைக் கண்டுபிடிக்க ஒரு வாளி போதும். ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. கனத்துக்குப் பரப்பினால் கொள்ளளவு சரியாக 10 லிட்டர். ஆகவே அடியில் துளையிட்ட 10 லிட்டர் வாளியில் கலவையை நிரப்பி, தண்ணீரில் 24 மணி நேரம் மூழ்க வைத்து, வெளியே எடுத்து இரண்டு மணி நேரம் வடியவிட்டு நிறுத்துப் பாருங்கள். வாளியின் எடையைக் கழித்தால் வரும் எண்தான் ஒவ்வொரு செ.மீ. கனத்துக்கும் சதுர மீட்டருக்கு ஏறும் எடை. நல்ல இலகுக் கலவை 7 முதல் 9 கிலோ காட்டும். 12-க்கு மேல் போனால் மணலோ மண்ணோ கலந்திருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு: 8 செ.மீ. ஊடகம், செ.மீ.க்கு 8 கிலோ வீதம் 64 கிலோ. அதன்மேல் 3 செ.மீ. ஈரப் புல்பாய் (வேரோடு பாயாகச் சுருட்டி எடுக்கும் புல்) 25 கிலோ. தேங்கும் நீரோடு வடிகால் பலகை 7 கிலோ. துணிகளும் வேர்த்தடுப்பும் 4 கிலோ. மொத்தம் சதுர மீட்டருக்கு 100 கிலோ. அதே 11 செ.மீ. கனத்துக்கு மண் போட்டிருந்தால் 200 கிலோ ஆகியிருக்கும்.

இந்த 100 கிலோ நிரந்தரச் சுமை. ஆட்கள் நடமாடும் மாடிக்குப் பல கட்டட விதிகள் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 150 கிலோ இயங்கு சுமையை எடுத்துக்கொள்கின்றன. அந்த 150-க்குள் புல்தரையும் அடங்கிவிடும் என்று நினைப்பது ஆபத்து; புல் வந்தபிறகும் மனிதர்கள் நடக்கத்தான் போகிறார்கள். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வரைபடத்தையும் தளத்தின் இன்றைய நிலையையும் பார்த்து எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல் ஒரு மூட்டைகூட மேலே ஏற்ற வேண்டாம். ஒரு பக்கம் மட்டுமே பிடிமானமுள்ள தொங்கு பால்கனிகளில் கூடுதல் எச்சரிக்கை தேவை. வேலை நடக்கும்போது மூட்டைகளை ஒரே இடத்தில் குவித்து வைப்பதும் தவறு. முடிந்த புல்தரை தராத சுமையை அந்தக் குவியல் தந்துவிடும்.

கசிவுச் சோதனையும் வேரும்

தளத்துக்கு 1 முதல் 2 விழுக்காடு வாட்டம் வேண்டும். அதாவது ஒரு மீட்டருக்கு 1 முதல் 2 செ.மீ. இறக்கம். வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும் வடிகால் வாய்களை அடைத்து 3 முதல் 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். கீழ்க்கூரையில் ஈரத்தடம் தெரிந்தால் அன்றே சரிசெய்துவிடலாம். புல் விரித்தபின் கசிவு வந்தால் எந்த இடம் என்று தேடவே பாதிப் புல்தரையைச் சுருட்ட வேண்டியிருக்கும். தண்ணீர் ஓட்டைக்கு நேர் கீழேதான் சொட்டும் என்பதில்லை. தளத்துக்குள் தவழ்ந்து சில மீட்டர் தள்ளியும் இறங்கும்.

வேர்த்தடுப்பில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். அருகம்புல்லுக்கு மேலே ஓடும் தண்டும் உண்டு, கூர்முனையோடு அடியில் ஓடும் கிழங்குத்தண்டும் உண்டு. அந்த முனை தார்ப்பூச்சைத் துளைத்துவிடும். அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் விரிப்பு, குறைந்தது அரை மி.மீ. கனத்தில், இணைப்புகளை வெப்பத்தால் ஒட்டி, சுவரில் ஊடகத்தின் மேல்மட்டத்துக்கு மேலே 15 செ.மீ. வரை ஏற்றிவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துவிட்டால் போதாது. வேர் நுழைவது எப்போதும் இணைப்பில்தான்.

அதற்கு மேலே, கீழிருந்து வரிசையாக: சதுர மீட்டருக்கு 300 கிராம் கொண்ட பாதுகாப்புத் துணி, 20 முதல் 25 மி.மீ. உயரக் குமிழ் வடிகால் பலகை, 100 முதல் 200 கிராம் வடிகட்டித் துணி, ஊடகம், புல்பாய். வடிகட்டித் துணியின் ஓரத்தை ஊடகத்தின் உயரத்துக்குச் சுவரோரம் மடித்து நிறுத்தாவிட்டால் தூள் பக்கவாட்டில் இறங்கி வடிகாலை அடைக்கும். ஒவ்வொரு வடிகால் வாய்க்கும் மேலே மூடி திறக்கக்கூடிய பெட்டி ஒன்று வேண்டும். அந்த வாயை ஊடகத்தால் மூடிப் புதைத்துவிட்டவர்கள் முதல் பெருமழையிலேயே மாடியைக் குளமாகப் பார்ப்பார்கள்.

கைப்பிடிச் சுவர், கதவு, புகைபோக்கி ஆகியவற்றைச் சுற்றி 30 முதல் 50 செ.மீ. அகலத்துக்குக் கூழாங்கல்லோ கல்பலகையோ போட்டுப் புல் இல்லாத ஓரமாக விடுங்கள். காற்று மூலைகளிலும் ஓரங்களிலும்தான் வலுவாக உறிஞ்சித் தூக்கும். அங்கே கனம் இருப்பது நல்லது. காய்ந்த புல்லில் தீப்பொறி பட்டாலும் பரவாமல் இந்த ஓரம் தடுக்கும். கல்லின் எடையையும் பொறியாளரின் கணக்கில் சேர்க்க மறக்க வேண்டாம்.

ஊடகம்: கனம் குறைந்தால் துகள் பெரிதாக வேண்டும்

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் படுக்கை வாக்கில் பிடியுங்கள். சொட்டுவது நின்றதும் அதை நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் தண்ணீர் கொட்டும். ஸ்பாஞ்சு அதேதான், உயரம் மட்டுமே மாறியது. எந்த ஊடகத்திலும் அடிப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் வடியாமல் தொங்கி நிற்கும். அந்த உயரத்தைத் தீர்மானிப்பது துகளின் அளவு. நுண்துகளில் உயரமாக நிற்கும், பெரிய துகளில் தாழ்ந்து நிற்கும். 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில் அடி 5 செ.மீ. ஊறிக் கிடந்தால் செடிக்குக் கவலையில்லை. 8 செ.மீ. மட்டுமே உள்ள மாடியில் அதே 5 செ.மீ. ஊறிக் கிடந்தால் வேருக்கு மூச்சே கிடையாது. அடியில் சரளை போட்டாலும் பயனில்லை. தொங்கும் நீர் சரளைக்கு மேலேயே நின்றுவிடும்.

அதனால்தான் வெறும் தென்னை நார்க்கழிவை 8 செ.மீ. கொட்டிப் புல் விரிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. முதல் ஆண்டு செழிப்பாக இருக்கும். பிறகு கழிவு மட்கி, துகள் நுணுகி, மட்டம் இறங்கி, மழைக்காலத்தில் சதசதவென்று ஆகிவிடும். நிரந்தர அடுக்கில் கனிமப் பொருளே பெரும்பங்கு இருக்க வேண்டும். நம்பகமான ஒரு கலவை, கொள்ளளவுப்படி: 4 முதல் 8 மி.மீ. சுட்ட களிமண் உருண்டை அல்லது நுரைக்கல் 40 பங்கு, பருமனான பெர்லைட் 30, கழுவிய நார்க்கழிவு 20, நன்கு மட்கிய உரம் 10. அமிலகார நிலை 5.5 முதல் 6.5 வரை. அமுங்குவதற்காக 10 விழுக்காடு கூடுதலாகக் கலந்து வைத்துக்கொள்ளுங்கள்: 8 செ.மீ. அடுக்குக்குச் சதுர மீட்டருக்கு 88 லிட்டர். பெர்லைட்டை உலர்ந்த நிலையில் கொட்டினால் தூள் பறக்கும். முகக்கவசம் அணிந்து, முதலில் நனைத்துவிட்டுக் கலக்குங்கள்.

நார்க்கழிவைக் கழுவாமல் பயன்படுத்தினால் புல் முளைத்த வேகத்தில் நுனி கருகும். அதில் சோடியமும் பொட்டாசியமும் மிகுதி. 5 கிலோ கட்டி ஒன்று ஊறினால் 60 லிட்டருக்கு மேல் வரும். ஊறவைத்து, வடித்து, இரண்டு மூன்று முறை அலசுங்கள். வடியும் நீரின் ஈசி அளவு (கரைந்த உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன்) 0.5 மில்லிசீமென்ஸ் அருகே வரும்வரை நிறுத்த வேண்டாம். பிறகு லிட்டருக்கு 5 முதல் 8 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீரில் ஒரு நாள் ஊறவைத்து மீண்டும் அலசுங்கள். வெறும் தண்ணீர் கரைந்துகிடக்கும் உப்பை மட்டுமே நீக்கும். நாரில் ஒட்டியிருக்கும் சோடியத்தைப் பெயர்த்து அந்த இடத்தில் உட்கார கால்சியம் வேண்டும். இந்தப் படியைத் தவிர்த்தால் பின்னால் நீங்கள் தரும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் நார் பிடுங்கிக்கொள்ளும்.

எந்தப் புல்

வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது என்று முதலில் பாருங்கள். நேர்வெயில் 6 மணி நேரத்துக்கு மேல் விழும் இடத்துக்கு அருகம்புல்லின் கலப்பின வகைகள் ஏற்றவை. மிதியைத் தாங்கும், கிழிந்தால் தானே மூடிக்கொள்ளும். 4 முதல் 5 மணி நேரம் கிடைத்தால் சோய்சியா. மெதுவாக வளர்வதால் வெட்டும் வேலை குறைவு, ஆனால் புண்பட்டால் ஆற மாதக்கணக்கில் ஆகும். தண்ணீரில் உப்பு மிகுந்த இடங்களுக்குக் கடலோரப் பாஸ்பாலம். அடுத்த கட்டடத்தின் நிழலிலேயே நாள் முழுக்கக் கிடக்கும் இடத்தில் எந்தப் புல்லையும் வற்புறுத்த வேண்டாம். நிழல் தாங்கும் வேறு தரைமூடிச் செடி வையுங்கள்.

வேர் அறுபடாத பாய் வளர்ப்பது

வயலிலிருந்து வெட்டி எடுக்கும் புல்பாய் வேரின் பெரும்பகுதியைப் பின்னால் விட்டுவிட்டு வருகிறது. கூடவே மண்ணையும் களைவிதையையும் கொண்டுவருகிறது. பிளாஸ்டிக் விரிப்பின்மேல் வளர்த்த பாயில் வேர் கீழே போக வழியில்லாமல் பக்கவாட்டில் பின்னிக்கொள்கிறது. எடுக்கும்போது ஒரு வேரும் அறுபடாது. அதனால்தான் அது இரண்டு வாரத்தில் புது இடத்தில் பிடித்துக்கொள்கிறது.

சமமான தரையில் 150 முதல் 200 மைக்ரான் பாலித்தீன் விரித்து, 20 செ.மீ.க்கு ஒரு சிறு துளை இடுங்கள். அதன்மேல் சணல் வலையோ பருத்தி வலையோ விரியுங்கள். புல் பின்னிக்கொள்வதற்கு முன் பாய்க்கு வலுத் தருவது இதுதான். நைலான் வலை மக்காது, பின்னாளில் புல்வெட்டியில் சிக்கும். வலைமேல் 2.5 முதல் 3 செ.மீ. கனத்துக்குக் கலவை: கழுவிய நார்க்கழிவு 60, மட்கிய உரம் 20, பெர்லைட் அல்லது நெல் உமி 20. இங்கே நார்க்கழிவு அதிகம் இருக்கலாம். பாய் மெல்லியது, பின்னால் வேர் கீழடுக்குக்கு இறங்கிவிடும். பச்சை உமி போட்டால் அது மட்கும்போது தழைச்சத்தை உறிஞ்சும். ஒரு மாதம் ஈரத்தில் ஊறிய பழைய உமி நல்லது.

2 அல்லது 3 கணுக்கள் இருக்கும்படி 5 முதல் 8 செ.மீ. நீளத்துக்கு ஓடுதண்டுகளை நறுக்கி, கலவை பாதிக்கு மேல் மறையும் அளவுக்குத் தூவி, அரை செ.மீ. கலவையால் மூடி, பலகையால் மெல்ல அழுத்துங்கள். நறுக்கிய தண்டை வெயிலில் ஒரு மணி நேரம் போட்டுவைத்தாலே பாதி செத்துவிடும். ஈரச்சாக்கில் மூடி வைத்து அன்றைக்கே நட்டுவிடுங்கள். முதல் பத்து நாள் ஒரு நாளைக்கு 4 அல்லது 5 முறை மென்தூறல். பிறகு இரண்டு முறை. மூன்றாவது வாரத்திலிருந்து உரநீர். வெப்பமான பருவத்தில் 6 முதல் 10 வாரத்தில் பாய் தயார். சோய்சியாவுக்கு இன்னும் அதிக காலம் பிடிக்கும். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். கலவை உதிராமல், அடியில் வெள்ளை வேர் வலைபோல் தெரிந்தால் எடுக்கலாம்.

விரிக்கும் நாள்

காலையிலோ மாலையிலோ விரியுங்கள். வெயிலேறிய தளம் 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் கிடக்கும் ஊடகத்தின்மேல் பாயைப் போட்டால் வேர் வெந்துபோகும். ஊடகத்தை முந்தைய நாளே முழுக்க நனைத்து ஆறவிடுங்கள். சுருட்டிய பாயைப் பல மணி நேரம் அடுக்கிவைத்தால் உள்ளே சூடேறி மஞ்சளாகும். செங்கல் கட்டுவதுபோல இணைப்புகள் ஒரே கோட்டில் வராமல் மாற்றி மாற்றி, இடைவெளியில்லாமல் நெருக்கி வையுங்கள். உள்ளே காற்றுப்பை இருந்தால் அந்த இடம் மூன்றே நாளில் காயும். உள்ளங்கையாலோ இலகு உருளையாலோ அழுத்துங்கள். ஓரத்திலும் மூலையிலும், வேர் பிடிக்கும்வரை கல்பலகைகளைக் கனத்துக்கு வையுங்கள். முளை அடித்துப் பாயை நிறுத்தலாம் என்று எவரேனும் சொன்னால் கேட்காதீர்கள். கீழே இருப்பது வாட்டர்ப்ரூஃபிங்.

தண்ணீர்

வெயில் காலத்தில் புல்தரை நாளொன்றுக்கு 5 முதல் 6 மி.மீ. நீரை ஆவியாக்கும். சதுர மீட்டரில் ஒரு மி.மீ. என்பது ஒரு லிட்டர். ஆகவே 100 சதுர மீட்டருக்கு நாளுக்கு 500 முதல் 600 லிட்டர். காற்று பலமாக வீசும் உயர மாடியில் இன்னும் கூடும். இவ்வளவு தண்ணீர் கோடையின் மோசமான வாரத்திலும் கிடைக்குமா என்பதற்கு உறுதியான விடை இல்லையென்றால் புல்தரையைச் சிறிதாக்குங்கள். 30 சதுர மீட்டர் பச்சைப்புல்லும் மீதி இடத்தில் வறட்சி தாங்கும் தடித்த இலைச் செடிகளும் இருப்பது, 100 சதுர மீட்டர் காய்ந்த புல்லைவிட எத்தனையோ மேல். ஏசி இயந்திரத்தின் கழிவுநீரில் உப்பு மிகக் குறைவு. தொட்டியில் சேர்த்துப் பாய்ச்சலாம். நீர்ச் சுத்திகரிப்புக் கருவி தள்ளும் கழிவுநீர் நேர் எதிர். அதில் உப்பு செறிந்திருக்கும், தனியாகப் பாய்ச்ச வேண்டாம்.

மொத்தம் 11 செ.மீ. ஆழத்தில் புல் உறிஞ்சக்கூடிய நீர் 20 விழுக்காடு என்று வைத்தால் சதுர மீட்டருக்குக் கையிருப்பு 22 லிட்டர். நாலு நாளில் காலி. மோட்டார் பழுதாகி ஒரு வாரம் கவனிக்காவிட்டால் புல்தரை போய்விடும் என்று பொருள். தானியங்கி நேரக்கருவி வைத்தாலும், மின்சாரம் இல்லாமலே திறந்து பாய்ச்சக்கூடிய ஒரு வால்வு கட்டாயம் இருக்கட்டும்.

நிரந்தரப் பாசனத்துக்குப் புதைத்த சொட்டுநீர்க் குழாய் நல்லது. தூவான்நீரைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். 16 மி.மீ. குழாய், வரிசைக்கு வரிசை 25 செ.மீ., சொட்டுவான்களுக்கு இடையே 30 செ.மீ., மணிக்கு 1.6 லிட்டர், அழுத்தத்தைத் தானே சமன்செய்யும் வகை. சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 13 சொட்டுவான் விழும். மணிக்கு 21 லிட்டர். 5 லிட்டர் தர 14 அல்லது 15 நிமிடம் ஆகும். அதை ஒரே மூச்சில் விடாமல், ஐந்தைந்து நிமிடமாக மூன்று முறை, அரைமணி இடைவெளியில் விடுங்கள். பெரிய துகள் ஊடகத்தில் நீர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே இறங்கிவிடும். குழாய்க்கு அடியில் நீருறிஞ்சித் துணி ஒன்றை விரித்தால் பரவல் சீராகும். இல்லையென்றால் சில வாரத்தில் புல்மேல் பச்சைக்கோடும் மஞ்சள்கோடும் வரிவரியாகத் தெரியும். 120 மெஷ் வடிகட்டி கட்டாயம். முதல் இரண்டு மூன்று வாரம் மட்டும் மேலிருந்தும் தெளியுங்கள். அதுவரை வேர் குழாயை எட்டியிருக்காது.

சத்தும் உப்பும்

வளரும் பருவத்தில் சதுர மீட்டருக்கு வாரம் 1 கிராம் தழைச்சத்து. 20 விழுக்காடு தழைச்சத்துள்ள கரையும் உரமென்றால் 5 கிராம், இரண்டரை லிட்டர் நீரில் கரைத்து. தழை, மணி, சாம்பல் சத்துகள் 3:1:2 என்ற அளவை ஒட்டி இருக்கட்டும். ஒரு மாதத்துக்கானதை மொத்தமாகப் போட்டால் இங்கே பிடித்துவைக்க மண் இல்லை. பாதி வடிகாலில் போகும், மீதி வேரைச் சுடும். நுண்ணூட்டமும் மாதம் ஒருமுறை தேவை.

மஞ்சளாகும்போது எந்த இலை என்று பாருங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலை மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. நுனியிலுள்ள இளந்தளிர், நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறை. அப்போது முதலில் பாசன நீரின் காரத்தன்மையைச் சோதியுங்கள், பிறகு கொடுக்கிணைப்பு (கீலேட்) இரும்பு கொடுங்கள். வடிகால் பெட்டியில் சேரும் நீரை மாதம் ஒருமுறை ஈசி மீட்டரால் அளந்து பாருங்கள். 2.5 மில்லிசீமென்ஸைத் தாண்டினால் சதுர மீட்டருக்கு 20 முதல் 30 லிட்டர் நல்ல தண்ணீர் விட்டு உப்பை அலசி விரட்ட வேண்டும். தொடக்க வாரங்களில் வடிநீர் தேநீர் நிறத்தில் வரும். நார்க்கழிவின் சாயம்தான், புல்லுக்குக் கேடில்லை. ஆனால் வெள்ளைச் சுவரில் கறை படியும் என்பதால் வடிகுழாயைத் தரைவரை இறக்குங்கள்.

வெட்டும் பழுதும்

25 முதல் 40 மி.மீ. உயரத்தில் வைத்திருங்கள், ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். வெட்டிய புல்லை அள்ளிவிடுங்கள். தோட்ட மண்ணில் அதை மட்க வைக்கும் மண்புழுவும் நுண்ணுயிரும் போதுமான அளவு உண்டு. இங்கே அது மெத்தைபோல் தேங்கி நீரை உள்ளே விடாது. தரைப் புல்வெளியில் செய்வதுபோல் முள்ளுருளையால் காற்றோட்டத் துளை போடுவது மாடியில் அறவே கூடாது. ஓரங்களில் சுழலும் நூல்வெட்டி வேர்த்தடுப்பின் விளிம்பைக் கிழிக்கும், கத்தரியே போதும்.

பாய்கள் காய்ந்து சுருங்கி இணைப்புகள் வாய் பிளந்தால் கலவையால் நிரப்பி ஈரப்படுத்துங்கள், மூடிக்கொள்ளும். ஏசியின் வெப்பக்காற்று படும் பட்டையும், எதிர்க் கண்ணாடிச் சுவரின் பிரதிபலிப்பு விழும் பட்டையும் எவ்வளவு நீர் விட்டாலும் கருகும். அங்கே கல் பாவுவதே தீர்வு. வட்டவட்டமாகப் பழுப்பேறினால் பூஞ்சை: இரவுப் பாசனத்தை நிறுத்தி விடிகாலைக்கு மாற்றுங்கள், தழைச்சத்தைப் பாதியாக்குங்கள். பாசி படர்ந்தால் வடிகால் அடைத்திருக்கிறது என்று பொருள், மருந்து தேட வேண்டாம். பறவை எச்சத்தில் வந்து முளைக்கும் ஆல், அரசங்கன்றுகளை இரண்டு இலைப் பருவத்திலேயே பிடுங்குங்கள். ஒரு பருவம் விட்டால் வேர் இணைப்பைத் தேடிப் போய்விடும்.

பாய் வளர்த்த இடத்தில் இரண்டு சதுர மீட்டரை மட்டும் எடுக்காமல் அப்படியே தொடர்ந்து வளர்த்து வாருங்கள். வடிகாலைத் திறக்கவோ கசிவு தேடவோ ஒரு பகுதியை அறுத்தெடுக்க நேர்ந்தால், அதே வகை, அதே உயரப் புல் ஒட்டுப்போடக் கையில் இருக்கும்.